தண்ணீர் காட்டாத கோடித் துண்டு

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணி. என் வெள்ளைக் கோட்டு சலவையிலிருந்து திரும்பி வந்தது.

போகும்போது அதன் முதுகில் ஒரு கிழிசல் இருந்தது. இரண்டேகால் அங்குலம். அதன்மேல் நானே ஒட்டுப் போட்டு, நானே தைத்து, அனுப்பியிருந்தேன். திரும்பி வந்ததும் பிரித்துப் பார்த்தேன். ஸ்கேலை எடுத்து அளந்தேன். கிழிசல் ஏழு அங்குலம்.

ஒட்டுப் போட்ட பிறகு கிழிசல் வளருமா? செடியா அது, தண்ணீர் ஊற்றினால் வளர?

இந்தப் பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வழக்கம் தெரியும். எதையும் எண்ணாமல் விடமாட்டேன். மயிலாப்பூர்க் குளத்தங்கரையிலிருந்து லஸ் முனை வரை எத்தனை விளக்குக் கம்பம் என்று முன்பு ஒருமுறை எழுதினேன். ஒரு வாசகர் அதில் இரண்டு குறைகிறது என்று கார்டு போட்டார். குடையை எடுத்துக்கொண்டு போய் மறுபடி எண்ணினேன். அவர் சொன்னதுதான் சரி. அன்றைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு ஏழு அங்குலக் கிழிசல் எப்படி இருந்திருக்கும்? அதுவும் மறுநாள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கமிட்டி முன்னால் நிற்க வேண்டியிருக்கும்போது?

கோட்டு கிழிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கிழிந்தது. எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் செக்ரட்டரி எழுந்து ஓர் அறிவிப்புச் செய்தார். அதைக் கேட்டு நான் துள்ளி எழுந்தேன். புதிதாக வாங்கிப் போட்ட பெஞ்சு. அதில் ஓர் ஆணி தலை நீட்டிக்கொண்டிருந்தது. அது என் முதுகைப் பிடித்துக்கொண்டது. பழைய பாய்களில் உட்கார்ந்த காலத்தில் ஆணி ஏது?

அப்படித் துள்ளி எழும்படி என்ன அறிவிப்பு? என் வகுப்பை எடுத்துவிடுகிற அறிவிப்பு.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது அறுபத்தொன்பது. பள்ளிக்கூடம் போய்விட்டது. பல் பாதி போய்விட்டது. மீதி இருப்பது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி முதல் நாலு மணி வரை எங்கள் சபை மண்டபத்தில் நான் நடத்துகிற வேதபாட வகுப்பு. பெரியவர்களுக்கான வகுப்பு. இருபத்தேழு வருஷமாக நடக்கிறது. முப்பத்தாறு பேர் வருகிறார்கள். அவர்களில் முப்பத்தொரு பேருக்கு எழுத்துத் தெரியாது. நான் சொன்னால்தான் உண்டு.

அடையாற்றுப் பங்களாக்களில் ஆயாவாக இருப்பவர்கள், சமையல் செய்பவர்கள், ரிக்ஷா இழுப்பவர்கள், ஆற்றோரக் குடிசைகளிலிருந்து கூலி வேலைக்குப் போகிறவர்கள்... துரை வீட்டில் பகல் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்து, மறுபடி சாயங்காலத் தேநீருக்கு அடுப்பு மூட்டுகிற வரை அவர்களுக்கென்று, நடக்கிற நேரம் போக, மிஞ்சுவது அந்த ஒரு மணி நேரம்தான். வாரத்துக்கே ஒரு மணி நேரம். தாயம்மாள் என்று ஓர் ஆயா. பாலம் தாண்டி நடந்தே வருவாள், நடந்தே போவாள். வர நாற்பத்தைந்து நிமிஷம், போக நாற்பத்தைந்து நிமிஷம் – ஒரு மணி நேரம் உட்கார.

இந்த மூன்று மணியைத்தான் செக்ரட்டரி கேட்டார்.

செக்ரட்டரி மிஸ்டர் ஜெயசிங். வயது இருபத்தெட்டு. பி.ஏ. படித்தவர். மாம்பலத்தில் ஏரி இருந்த இடத்தில் புது வீடு கட்டிக்கொண்டு சைக்கிளில் கோயிலுக்கு வருகிறவர். நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டம். கெட்ட பிள்ளையாக இருந்தால் சண்டை போட எவ்வளவு சௌகரியம்!

அவருடைய யோசனை இது. மாம்பலம் பக்கம் தெருத்தெருவாக வீடு எழும்புகிறது. காலேஜ் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்காக ஒரு ‘ஸ்டடி சர்க்கிள்’ ஆரம்பிக்க வேண்டும். இங்கிலீஷில் நடக்கும். மாஜிக் லாந்தர் வைத்துச் சுவரில் படம் காட்டலாம். ஞாயிறு மூன்று மணிக்கு மண்டபம் வேண்டும். வாத்தியாருடைய வகுப்பைக் காலை ஆறு மணிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

காலை ஆறு மணிக்கு எந்த ஆயா வருவாள்? அந்த நேரத்தில் துரைக்குக் காப்பி யார் போடுவது? அதைக் கேட்கத்தான் எழுந்தேன். ஆணி பிடித்தது. அதற்குள் அவர் என் பக்கம் திரும்பிவிட்டார்.

“பர்சனலா எடுத்துக்காதீங்க சார். புதுத் துணியைப் பழைய துணியோட ஒட்ட முடியாது, பழசு தாங்காதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்கார். அந்த உவமையை நான் உங்க வகுப்பிலதான் கேட்டேன். நீங்க சொன்ன விளக்கம்தான்.”

உண்மைதான். அவர் காலேஜில் படித்துக்கொண்டிருந்த நாளில் ஒரு ஞாயிறு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன விளக்கமும் அதுதான். வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பாடம் வரும். இருபத்தேழு முறை சொல்லியிருக்கிறேன். பழைய துணி நைந்தது, பலமில்லாதது, புது ஒட்டின் பலத்தை அது தாங்காது, ஆகவே பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை உடுத்திக்கொள்.

நாற்பத்திரண்டு வயதில் அதைச் சொல்ல ஆரம்பித்தேன். அப்போது நான் புதுத் துணி. சொல்லச் சொல்ல இனித்தது. அறுபத்தொன்பதில் அதை ஒருவர் என்னிடமே திருப்பிச் சொல்லும்போது... இருபத்தேழு வருஷம் நானே சாணை பிடித்த கத்தி!

அடுத்த ஞாயிறு கமிட்டி கூடி முடிவு செய்யும் என்றார்கள். கமிட்டியில் ஒன்பது பேர். வீட்டுக்கு வந்து எண்ணினேன். செக்ரட்டரி பக்கம் ஐந்து பேர். என் பக்கம் இரண்டு பேர். மீதி இரண்டு பேர் யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம். எப்படிக் கூட்டினாலும் நாலுக்கு மேல் எனக்கு வரவில்லை.

சரி, தோற்பதென்றாலும் ஒழுங்கான கோட்டில் தோற்க வேண்டாமா? எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு ஒன்றே ஒன்று. ஒன்பது வருஷத்துக் கோட்டு. பதினைந்து நாளைக்கு ஒரு சலவை என்றால் இருநூற்று முப்பத்துநாலு சலவை கண்டது. என் மனைவி நேசம்மாள் மகளுடைய பிரசவத்துக்காகச் செங்கற்பட்டு போயிருந்தாள். தையற்காரரிடம் கொடுத்தால் சொன்ன நாளில் தரமாட்டார். தைப்பது என்ன பெரிய வித்தையா? திங்கட்கிழமை கச்சேரி ரோட்டுக்குப் போய், ஜவுளிக் கடையில் வெள்ளை டிரில் கால் கஜம் வாங்கி வந்தேன். இருப்பதிலேயே கெட்டியான துணியாகக் கேட்டு வாங்கினேன்.

ஊசியில் நூல் கோக்கப் பதினொரு தடவை முயன்றேன். ஆறு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் வெட்டினேன். சுற்றளவு இருபத்திரண்டு. அங்குலத்துக்கு நாலு தையல். ஆக எண்பத்தெட்டுத் தையல். தைத்து முடித்து ஜன்னலருகே பிடித்துப் பார்த்தால், ஒட்டு மட்டும் பழுப்பாக, விறைப்பாக, தனியாகத் தெரிந்தது. வெள்ளாவியில் வைத்து வெளுத்தால் நிறம் சேர்ந்துவிடும் என்று சலவைக்குப் போட்டேன்.

அதுதான் சனிக்கிழமை ஏழு அங்குலமாகத் திரும்பி வந்தது.

சலவைக்காரன் முனுசாமியைப் பிடித்துக்கொண்டேன். கல்லில் எப்படி அடித்தாய், எத்தனை அடி அடித்தாய், கோட்டு என்று நினைத்தாயா சாக்கு என்று நினைத்தாயா என்று மூச்சு விடாமல் கேட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். என்னிடம் சலவைக்கு எடுத்துப் பதினான்கு வருஷம் ஆகிறது; பழகிவிட்டது.

“நம்ம கல்லு மேல பழி போடாதீங்க சாமி. தையல் ஒண்ணு பிரிஞ்சிருந்தா சொல்லுங்க, நஷ்டத்த நான் கட்டறேன்” என்றான்.

எண்ணினேன். எண்பத்தெட்டும் அப்படியே இருந்தன. ஒரு தையல்கூட விடவில்லை. தையலை ஒட்டினாற்போல், நீளப் பக்கம் முழுவதும், மூலை திரும்பி இன்னும் ஓர் அங்குலமும், பழைய துணிதான் கிழிந்திருந்தது. ஒட்டு மட்டும் நடுவில் சுருண்டு, கையை முடக்கிக்கொண்ட குழந்தை மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில்தான் சவரியம்மா வந்தாள். சாந்தோம் கடற்கரைக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவள். அவர்கள் பரம்பரையாகக் கத்தோலிக்கர்கள். எங்கள் சபையைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. மாதா சிலை, சுரூபம் ஒன்றும் இல்லாத கோயில் ஒரு கோயிலா, சத்திரம் மாதிரி இருக்கிறது என்பாள்.

கூடையை இறக்கி வைத்தாள். மீன் கையோடு என் கோட்டைத் தூக்கிப் பார்த்தாள். நான் பதறிப்போனேன்.

“இன்னா வாத்தியாரே, யாரு தச்சது இது?”

“நான்தான்.”

“அதானே பாத்தேன். அம்மா தச்சிருந்தா இப்டி ஆவாதே. கோடிய தண்ணி காட்டாமயா ஒட்டுப் போட்டே?”

நான் வகுப்பில் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். ஒட்டு புதுத் துணி, பலமானது, கோட்டு பழைய துணி, நைந்தது, அதனால்தான் தாங்கவில்லை.

முனுசாமி வாயைப் பொத்திக்கொண்டான். சவரியம்மாவுக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது. சிரித்தே விட்டாள்.

“பழசு மேல ஏன் வாத்தியாரே பழி போடறே? பழசு சுருங்கவேண்டியதெல்லாம் என்னிக்கோ சுருங்கி முட்சிட்ச்சி. அது பாட்டுக்கு அடங்கிக் கீது. கோடிதான் இன்னும் தண்ணியே பாக்கல. தண்ணி பட்டா அது சுருங்கும், பக்கத்துல கீறதப் புட்சி இழுக்கும். அது இழுத்தா இது கிழியாம இன்னா பண்ணும்?”

எனக்குக் காது அடைத்தது.

கோடி. கோடி என்றல்லவா சொன்னாள்!

“வஞ்சிரம் வேணுமா, வாணாமா?” என்று அவள் கேட்டது எங்கேயோ தூரத்தில் ஒலித்தது. பதில் சொல்லாமல் உள்ளே ஓடினேன். வாத்தியாருக்கு இன்னா ஆச்சி என்று அவள் முனுசாமியைக் கேட்பதும், அவன் ஏதோ சமாதானம் சொல்வதும் காதில் விழுந்தன.

என்னிடம் வேதப் புத்தகம் இரண்டு உண்டு. ஒன்று இங்கிலீஷ், ஒன்று தமிழ். பாடம் தயார் செய்வது எப்போதும் இங்கிலீஷில். மிஷன் பள்ளிக்கூடத்துப் பழக்கம். இங்கிலீஷில் படித்து, குறிப்பெடுத்து, அதைத் தமிழில் வகுப்புக்குச் சொல்வேன். இங்கிலீஷில் அந்த இடத்தில் ‘நியூ’ என்று இருக்கிறது. மூன்றே எழுத்து. புதிது. அவ்வளவுதான்.

தமிழை எடுத்துப் பிரித்தேன். அங்கே புதுத் துணி என்று இல்லை. கோடித் துண்டு என்று இருந்தது.

கோடி என்றால் என்ன? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாணத்துக்கு எடுப்பதும் கோடி, சாவுக்குப் போடுவதும் கோடி. ஆனால் புதிது வேறு, கோடி வேறு. இரண்டு சலவை கண்ட துணியையும் புதுத் துணி என்கிறோம். கோடி என்று சொல்வோமா? மாட்டோம். கடையிலிருந்து வந்தபடியே, மடிப்புக் கலையாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தால்தான் கோடி. அந்தச் சொல்லிலேயே தண்ணீர் காட்டாதது என்று இருக்கிறது!

தமிழில் எழுதியவர்கள் எத்தனை கெட்டிக்காரர்கள்! சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் இருபத்தேழு வருஷமாக ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேலே படித்தேன். பழைய துணி நைந்தது என்று எங்கேயாவது இருக்கிறதா? ஒரு விரலால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுக்கொண்டே போனேன். இல்லை. பழையது பலமில்லாதது என்று இருக்கிறதா? இல்லை. தூக்கி எறி என்று? இல்லவே இல்லை. கிழிக்கிறது யார்? ஒட்டு. பீறலை, அதாவது கிழிசலை, பெரிதாக்குவது யார்? ஒட்டு. எதைக் காப்பாற்றுவதற்காக இத்தனை கவலை? பழைய துணியை! பழைய துணிக்கு ஒரு கிழிசல் வந்தால் அதை எப்படிக் கெடுக்கக் கூடாது என்பதற்காகச் சொன்ன வார்த்தையை, பழையதைக் கிழித்துப் போடச் சொன்னதாக நான்...

அடுத்த உவமை அதோடு ஒட்டினாற்போல் வருகிறது. புதுத் திராட்சரசத்தைப் பழைய துருத்தியில் ஊற்றாதே, புதுத் துருத்தியில் ஊற்று. துருத்தி என்றால் ரசம் வைக்கிற தோல் பை. வகுப்புக்கு வண்டிக்காரக் கிழவர் ஒருவர் வருவார். முன்பு ஒருமுறை, கொல்லன் துருத்தியில் எதற்கு ஐயா ரசத்தை ஊற்றுகிறார்கள் என்று கேட்டார். கேள்வி வேண்டாம், கவனி என்று உட்கார வைத்துவிட்டேன். இப்போது அதன் கடைசி வரியை வாசித்தேன். அப்படிச் செய்தால் இரண்டும் கெடாமல் இருக்கும் என்று முடிகிறது.

இரண்டும்.

தெருவிளக்கை எண்ணுகிறவன், தையலை எண்ணுகிறவன், ஊசி கோத்த தடவையை எண்ணுகிறவன்... அந்த வரியில் இருந்த ஒரே ஓர் எண்ணை இத்தனை வருஷமும் எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். மீன் இல்லாமலேயே.

மறுநாள் கோட்டைத் தைக்கவில்லை. ஏழு அங்குலக் கிழிசலோடு அப்படியே போட்டுக்கொண்டு, மேலே அங்கவஸ்திரத்தைப் போர்த்தி மறைத்துக்கொண்டு போனேன். சாந்தோம் சாலையில் காற்று கிழிசலுக்குள் புகுந்து முதுகைத் தடவியது. வழக்கமாக அந்தக் காற்றுக்குப் பயந்து மஃப்ளர் கட்டுகிறவன் நான். அன்றைக்கு ஜில்லென்று நன்றாகத்தான் இருந்தது.

கமிட்டி கூடியது. எங்கள் ஐயர் தலைமை – மயிலாப்பூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்; எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். ஜெயசிங் எட்டு நிமிஷம் பேசினார். நன்றாகப் பேசினார். கடைசியில் அந்த உவமையைச் சொல்லி முடித்தார், இங்கிலீஷில். ஐந்து தலைகள் அசைந்தன. பிறகு இன்னும் இரண்டு. சரியாக நான் எண்ணி வைத்திருந்த ஏழு.

ஐயர் என்னைப் பார்த்தார். “வாத்தியார் ஐயா ஏதாவது சொல்கிறீர்களா?”

நான் எழுந்தேன். அங்கவஸ்திரத்தை எடுத்தேன். திரும்பி நின்று, ஒன்பது பேருக்கும் என் முதுகைக் காட்டினேன்.

ஒருவர் இருமினார். ஒருவர் ஐயோ என்றார். வாத்தியாருக்கு மூளை பிசகிவிட்டது என்று குறைந்தது நாலு பேராவது நினைத்திருப்பார்கள். அப்படியே நின்றபடி சொன்னேன் – இரண்டேகால் அங்குலம், ஒட்டு, எண்பத்தெட்டுத் தையல், வெள்ளாவி, ஏழு அங்குலம். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, ஜெயசிங்கிடம் தமிழ் வேதத்தைக் கொடுத்து அந்த இடத்தை உரக்க வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். கோடித் துண்டு என்ற இடத்தில் நின்றார். மறுபடியும் வாசித்தார். படித்த பிள்ளை, எனக்கு இருபத்தேழு வருஷம் பிடித்தது அவருக்கு அரை நிமிஷத்தில் பிடிபட்டது.

“அப்ப... தப்பு பழைய துணி மேல இல்லையா சார்?”

“பழைய துணி சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்துவிட்டது தம்பி. அந்த முப்பத்தாறு பேரும் தங்கள் வாரத்தையெல்லாம் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் ஒரே ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு மேல் சுருக்க அவர்களிடம் துணி இல்லை. இன்னும் தண்ணீர் படாத கோடி, நாளும் நேரமும் இன்னும் நிலைக்காதது, உங்கள் சர்க்கிள்தான். அதை இதன்மேல் வைத்துத் தைத்தால் கிழியப்போவது எது என்று நீங்களே சொல்லுங்கள்.”

அவர் உடனே விட்டுவிடவில்லை. “அப்படின்னா புதுசுக்கு இடமே இல்லையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசி வரியையும் வாசிக்கச் சொன்னேன். இரண்டும் என்று வந்தது. புது ரசத்துக்குப் புதுத் துருத்தி கொடுங்கள். என் துருத்தியை ஏன் பிடுங்குகிறீர்கள் என்றேன். அதற்குப் பிறகு என் பழைய தொழிலுக்கு வந்தேன். மண்டபத்துக்கு மேற்கே எட்டு ஜன்னல். மூன்று மணிக்கு எட்டிலும் வெயில். மாஜிக் லாந்தர் படம் சுவரில் தெரிய வேண்டுமானால் இருட்டு வேண்டாமா? மாலை ஆறரை மணிக்கு வைத்துக்கொண்டால் இருட்டும் உண்டு, காற்றும் உண்டு, மண்டபமும் காலி.

அந்த எட்டு ஜன்னலை யாரும் எண்ணியிருக்கவில்லை போலிருக்கிறது. ஜெயசிங் அண்ணாந்து பார்த்து எண்ணினார். பிறகு சிரித்துவிட்டார். ஐயரும் சிரித்தார்.

“நல்ல வியாக்கியானம். எந்தப் புத்தகத்தில் பிடித்தீர்கள்?” என்று ஐயர் கேட்டார்.

ஏதாவது ஒரு ஜெர்மன் பெயரைச் சொல்லியிருந்தால் அப்படியே நம்பியிருப்பார்கள். ஆனால் அந்தக் கோட்டு முதுகில் இருக்கும்போது பொய் வரவில்லை.

“புத்தகம் இல்லை ஐயரே. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் சவரியம்மா சொன்னது. நம் சபைகூட இல்லை. ரோமன் கத்தோலிக்கு.”

மேஜை அதிரும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. வகுப்பு மூன்று மணிக்கே, சர்க்கிள் ஆறரைக்கு என்று ஓட்டெடுத்தார்கள். ஒன்பதுக்கு ஒன்பது! செக்ரட்டரியின் கைதான் முதலில் உயர்ந்தது. நாலுக்கு மேல் வராது என்று கணக்குப் போட்டவன் நான். என் ஆயுளில் கணக்குத் தப்பி இத்தனை சந்தோஷப்பட்டது கிடையாது. கிழிந்த முதுகை மூடாமலே, தலைப்பாகையை நிமிர்த்திக்கொண்டு, சாந்தோம் சாலை வழியாக வீட்டுக்கு நடந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

அடுத்த ஞாயிறு மூன்று மணி. என் வகுப்பு. என் மண்டபம். முப்பத்தாறு பேரும் வந்திருந்தார்கள். கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். இருபத்தேழு வருஷம் தவறாகச் சொன்னதை ஒப்புக்கொண்டு, கோடி என்றால் என்ன, தண்ணீர் பட்டால் அது என்ன செய்யும், பழையதை எப்படி இழுக்கும் என்று விஸ்தாரமாக விளக்கினேன். குரல் எனக்கே கணீரென்று கேட்டது. யார் முகத்தில் முதலில் ஆச்சரியம் தோன்றும் என்று வரிசை வரிசையாகப் பார்த்தேன்.

ஒரு முகத்திலும் தோன்றவில்லை. பெண்கள் எல்லோரும் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தால் நனையும் என்று சொன்னால் ஆட்டுவது போல.

சந்தேகம் வந்தது. இது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். தாயம்மாள் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு எழுந்தாள்.

“தெரியுங்கோ. துணி தோய்க்கிறவளுக்குத் தெரியாதுங்களா?”

“பின்னே இத்தனை வருஷமாக நான் தப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தேனே, ஏன் சொல்லவில்லை?”

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீங்கோ எங்களை ஒண்ணும் கேட்டதில்லீங்களே ஐயா.”

உட்கார்ந்துவிட்டேன். சரி, மற்ற உவமைகளில் உங்களுக்குத் தெரிந்தது என்ன என்று கேட்டேன். காணாமல் போன காசைப் பற்றி ஓர் ஆயா ஆரம்பித்தாள். வீடு பெருக்குகிறவளுக்கு அது எந்த மூலையில் கிடக்கும் என்று தெரியுமாம். புளித்த மாவைப் பற்றி ஒரு சமையற்காரர் ஆரம்பித்தார். வண்டிக்காரக் கிழவர் எழுந்து, துருத்தி விஷயத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். மணி நாலு அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. தாயம்மாள்தான் கெடிகாரத்தைப் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு ஓடினாள்.

அதனால் இப்போது ஓர் ஒழுங்கு செய்திருக்கிறோம். முதல் அரை மணி அவர்கள் பேசுவது. பின் அரை மணி நான்.

போன ஞாயிறு எனக்குக் கிடைத்தது ஏழு நிமிஷம்.